பழுதான நடைமுறைக்கு இயந்திரம் மருந்தன்று

அண்மையில் ஒரு கல்வி அலுவலகத்தின் ‘முழுமையான இணையவழி’ முறையில் ஆய்வு முன்னேற்ற அறிக்கையைச் சமர்ப்பித்தேன். படிவத்தைப் பதிவிறக்கி, அச்சிட்டு, மூவரிடம் கையொப்பம் பெற்று, ஸ்கேன் செய்து பதிவேற்ற வேண்டும். பின்னர் அதே தாள்களை நேரிலும் கொடுக்க வேண்டும். மூன்று கையொப்பங்கள் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. படிவம் மட்டும் திரையேறியது. நான் இழந்தது நான்கு நாள்கள். வறியவர் இழப்பதோ சோறு.

2000 நவம்பரில் பிறந்த இரு மாநிலங்களை ஒப்பிடுங்கள். சத்தீஸ்கர் 2004இல் நியாயவிலைக் கடைகளைத் தனியாரிடமிருந்து மீட்டு, ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்க முடிவெடுத்தது. தானியத்தை அரசே கடைவாசல் வரை கொண்டுசேர்த்தது. கணினி அதன் பின்னரே வந்தது.

ஜார்க்கண்டிலோ 2016 முதல் விரல்ரேகைக் கருவி கடைகளில் நுழைந்தது. அங்கே பெருநோய் ஆள்மாறாட்டம் அன்று, எடைக்குறைப்பு. வந்தவர் இன்னார் என்று சொல்லும் கருவி தராசைப் பார்ப்பதில்லை. முரளிதரன், நீகாஸ், சுக்தங்கர் ஆகியோரின் கள ஆய்வு அங்கே கண்டது இதுதான்: விரல்ரேகைச் சோதனையால் கசிவு குறையவில்லை, அட்டையை ஆதாருடன் இணைக்காதோர் பெற்ற பயன் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பட்டினி என்றார் தாய்; மலேரியா என்றது அரசு. ஆதாருடன் இணைக்காததால் அக்குடும்பத்தின் அட்டை முன்னரே நீக்கப்பட்டிருந்தது. அது கருவியின் கோளாறு அன்று. இணைக்காதவர் போலி என்று, வீட்டுக்குச் சென்று பாராமலே கொண்ட முடிவின் விளைவு.

‘முதலில் தொடங்குவோம், பிறகு திருத்திக்கொள்வோம்’ என்பர். எழுத்தர் தவறினால் அவரிடம் வாதிடலாம். நிரலில் உறைந்த தவறு ஒரே நாளில் இலட்சம் பேரைத் தாக்கும். வாதிட ஆள் இராது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று திரை அறிவிக்கிறது. மொழியியல் பயின்றவர்க்கு அவ்வாக்கியத்தின் குறை எளிதில் புலப்படும்: அதில் வினைமுதல் இல்லை. பொறுப்பேற்பவர் மறைய, தீர்ப்பு மட்டும் நிற்கிறது.

மைக்கேல் ஹாமர் 1990லேயே ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எச்சரித்தார்: தேவையற்ற வேலையைக் கணினிக்கு மாற்றாதீர்கள், ஒழித்துவிடுங்கள் என்று. வணிகத்துக்குச் சொன்னது நிர்வாகத்துக்கு இன்னும் பொருந்தும். வாடிக்கையாளர் வேறு கடை தேடலாம், குடிமகனுக்கு வேறு அரசு இல்லை.

ஆகவே நம் துறைகளிலிருந்தே தொடங்குவோம். எந்தப் படிவமும் இணையமேறும் முன், அதிலுள்ள ஒவ்வொரு கையொப்பமும் தன் இருப்புக்குக் காரணம் சொல்லட்டும். சொல்லவியலாததை முதலில் நீக்குவோம். எஞ்சியதைப் பயன்படுத்துவோரை வைத்தே சோதிப்போம். அதன் பிறகு வரட்டும் இயந்திரம்.

— கோர்படி, புணே