வீல்செயாரில் ஏறினால் மானம் போய்விடுமா?



உம்ராவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப வேன் பிடித்துக் கட்டுநாயக்க வரை போகிறோம். ஸலாம் சொல்கிறோம், துஆச் செய்யச் சொல்கிறோம், போட்டோ எடுத்து முகநூலில் போடுகிறோம். ஆனால், முடக்குவாதம் உள்ள உம்மாவுக்கு வீல்செயார் சொல்லி வைத்தீர்களா என்று யாராவது கேட்டால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. "உம்மா நல்லா நடப்பாங்க சேர். சனம் பார்க்க என்னத்துக்கு வீல்செயார்?"

நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான். எங்கள் மாமியை நடக்க விட்டோம். கல்முனையிலிருந்து எட்டு மணித்தியாலம் வேனில். பிறகு எயார்போட்டில் வரிசைக்கு மேல் வரிசை. பிறகு விமானத்தில் காலை நீட்ட இடமில்லாத இருக்கை. ஜித்தாவில் இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மக்காவில் முதல் இரண்டு நாளும் ஹோட்டல் கட்டிலில்தான் கிடந்தார். வருடக்கணக்காகக் காசு சேர்த்து வந்தவருக்கு அந்த இரண்டு நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

இது வயசுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்கும் நோய். முப்பது, நாற்பது வயதிலும் வரும். ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். ஒரே இருப்பில் இருந்தால் மூட்டு இறுகிவிடும். காலையில் மாப் பிசைய ஏலாத கை பின்னேரம் ஓரளவு வேலை செய்யும். ஆகவே, "நேற்று நடந்தாங்களே" என்று யாரும் சாட்சி சொல்ல வராதீர்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கூட்டம் இருக்கிறது. வரிசை நீளம் என்பதற்காக வீல்செயார் கேட்டு ஏறி, வெளியே வந்ததும் எழுந்து பேக்கைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற சுகதேகிகள். உண்மையான நோயாளி வீல்செயார் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தேவையுள்ளவர் கேட்க வெட்கப்படுகிறார், தேவையில்லாதவர் எடுக்க வெட்கப்படுவதில்லை. அடுத்தவர் ஹக்கைப் பறித்துக்கொண்டு இபாதத்துக்குப் போவது என்ன கணக்கு?

நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரழி) அவர்களை வாகனத்தில் இருந்தபடியே தவாப் செய்யச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். புகாரியில் இருக்கும் செய்தி. அங்கே இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

டிக்கட் போடும்போதே சொல்லுங்கள். பிந்தினால், குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது சொல்லுங்கள். தூரம் நடக்க ஏலாதா, படி ஏற ஏலாதா, ஆசனம் வரைக்குமே நடக்க ஏலாதா? மூன்றுக்கும் உதவி வேறு வேறு. எழுந்து நடக்க வசதியாக நடைபாதைப் பக்க ஆசனம் கேளுங்கள். மருந்தையும் டொக்டரின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். குளிரில் வைக்கும் ஊசியைப் பெரிய பேக்கில் போட்டால் உறைந்து பழுதாகலாம். மெதொட்ரெக்சேட் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் மருந்து. பயணக் குழப்பத்தில் அதைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

குழு கூட்டிச் செல்லும் சகோதரர்களே, பாஸ்போட் இலக்கம் கேட்கிறீர்கள், காசு கேட்கிறீர்கள். என்ன நோய், என்ன உதவி வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்க உங்கள் படிவத்தில் இடமில்லையா?

பிள்ளைகளே, உம்மா தானாகக் கேட்கமாட்டார். நமக்குப் பாரமாகிவிடுவோமோ என்று பயந்துதான் "எனக்கு ஏலும் மகன்" என்கிறார். அந்த வார்த்தையை நம்பிவிடாதீர்கள்.