தோணி என்னும் சொல்



கடலைக் காணாமலே வளரும் பிள்ளைகள் கண்டியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உண்டு. 1807-ஆம் ஆண்டில் கண்டியின் கடைசி மன்னன் அமைத்த வாவியே அவர்கள் அறிந்த பெருநீர். அவர்களுக்குப் பாய்க்கப்பலின் சொற்களைக் கற்றுக்கொடுங்கள் என்றால் நகைப்பீர்கள். ஆயினும் எழுதுகிறேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புனித பவுல் சென்ற கப்பலை வடகிழக்குக் காற்று தாக்குகிறது. கரையோரத்தார் மொழியில் அது வாடைக்கொண்டல். பதினான்காம் இரவில் மாலுமிகள் கப்பலின் பின்புறமிருந்து நான்கு நங்கூரங்களை இறக்குகின்றனர். பின்னர், அணியத்திலிருந்தும் நங்கூரமிடப்போவதாகச் சொல்லி, சிறு படகைக் கடலில் இறக்குகின்றனர். அணியம் என்பது கப்பலின் முன்முனை. நங்கூரமிட வழக்கமான இடம் அதுவே. ஆகவே அந்தச் சாக்கை எவரும் ஐயுறார். பவுல் ஐயுற்றார். அவர் எச்சரித்ததும் படைவீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டனர். அணியம் எதுவென்று அறியாதவருக்கு இந்தக் கபடம் முழுமையாய் விளங்குமா? விடிந்தபின் சுக்கான்களின் கட்டுகளை அவிழ்த்தார்கள் என்று வாசிக்கிறோம். ஒரு கப்பலுக்குப் பல சுக்கான்களா என்று கேட்பீர்கள். அக்காலக் கப்பலைத் திருப்பியவை, பக்கத்துக்கு ஒன்றாய்ப் பின்புறம் கட்டிய இரு பெருந்துடுப்புகள். கப்பல் சிதைந்தது, அதிலிருந்த 276 பேரும் பிழைத்தனர்.

பாய்மரம், நங்கூரம், மீகாமன் ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். தோணி என்ற சொல்லுக்குத்தான் நேரம் வேண்டும்.

ஏனெனில், மலையகப் பிள்ளைகள் பலர் அச்சொல்லை முதலில் வசையாகவே கேட்டிருக்கிறார்கள். 'கள்ளத்தோணி' என்று அவர்களுடைய பாட்டன்மாரை ஏசினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அம்முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று அழைக்கப்பட்டே வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் வழிவந்தோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் குடியுரிமை கிட்டியது. அந்த வசையைத் தமிழரே தமிழரை நோக்கிச் சொன்னதும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

மறைந்து கடல் கடந்து வந்தவர் ஒருவர் உண்டு. 1687-இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், கூலியாள் வேடத்தில் மரக்கலமேறி இலங்கை வந்தார். 1692-இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றனென்று சிறையிடப்பட்டார். தமிழும் சிங்களமும் கற்றார். 1711-இல் கண்டியிலேயே இறந்தார். அவரே புனித யோசேப் வாஸ் அடிகள். 2015-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! எவருடைய அனுமதியோடு அவர் கரையேறினார் என்று நம்மில் எவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை வாவிக்கரைக்குச் செல்லும்போது, மிதக்கும் படகொன்றைக் காட்டி, அணியம் எது என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். பின்பு, வீட்டில் முதியவர் இருந்தால், தம் பாட்டன் ஏறிவந்த தோணியைப் பற்றி அவரையே சொல்லச் சொல்லுங்கள்.