மகளுக்கும் ஒரு கணினி

புதிய கல்வியாண்டு பிறக்கும் ஜூன் திங்களில், துடியலூர்க் கடைகளில் புத்தகப் பையோடு கைப்பேசியும் மடிக்கணினியும் விலை பேசப்படுகின்றன. அவ்வேளையில் சில இல்லங்களில் மகனுக்குக் கிட்டும் கருவி மகளுக்கு மறுக்கப்படுவதை நாம் வருத்தத்தோடு காண்கிறோம்.

பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் மறுப்பு தீர்வாகாது. 2011-இல் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, ஆண், பெண் என வேறுபாடு பார்க்கவில்லை. 2020-இல் பெருந்தொற்றால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, கருவி இல்லாத பிள்ளைக்குப் பாடமும் எட்டாக்கனியாயிற்று.

எதை வாங்குவது? கைப்பேசியின் சிறு திரையில் பார்க்கலாம். நெடிய கட்டுரை எழுதுதல் கடினம். ஆளுக்கொரு கைப்பேசியினும், வீட்டுக் கூடத்தில் அனைவர்க்கும் பொதுவாக ஓர் எளிய கணினி இருப்பது மேல். 1999-இல் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பயின்றால், ஆங்கில எழுத்தின் துணையின்றியே தமிழில் எழுதலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

காவல் எது? கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் கூறலாகாது. அறியாதவர்க்குப் படம் அனுப்பலாகாது. இணைய மோசடியில் பணம் பறிபோனால், 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். இவை மகனுக்கும் உரியவை.

யாவற்றினும் பெரிய காவல் ஒன்றுண்டு. தவறு நேர்ந்துவிட்டால் அஞ்சாமல் வந்து சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு அளிப்பதே அது. பிள்ளை மறைக்கும்போதுதான் மிரட்டுவோன் வலிமை பெறுகிறான். ஏசாமல் செவிமடுக்கும் பெற்றோர் உள்ள இல்லத்தில் அவனுக்கு இடமில்லை.

சமுதாயப் பெரியோர் இதனைச் சிந்திப்பார்களாக!