உடைந்த குரலும் உடையாத நட்பும்



இல்லத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து சிரித்து மகிழத்தக்க படங்கள் அருகிவிட்டன என்பது பெற்றோர் பலரின் குறை. அவர்கட்கு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1993-ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு நகைச்சுவைப் படத்தை இத்திங்கள் அறிமுகப்படுத்த விழைகிறோம். "தி ஆட் கப்பிள்: டுகெதர் அகெய்ன்" என்பது அதன் பெயர். 'பொருந்தா இணை மீண்டும் ஒன்றாக' எனத் தமிழில் கூறலாம்.

இக்கதையின் வேர் பழையது. நீல் சைமன் எழுதிய நாடகம் ஒன்று 1965-இல் நியூயார்க் மேடையில் அரங்கேறியது. ஃபீலிக்ஸ் என்பவர் தூய்மையே உயிரெனக் கொண்டவர். தூசு கண்டால் துடிப்பவர். ஓயாது குறை கூறுபவர். ஆஸ்கர் என்பவரோ விளையாட்டுச் செய்திகள் எழுதும் பத்திரிகையாளர். ஒழுங்கு என்பதை அறியாதவர். இருவர் இல்லறமும் முறிந்த நிலையில் ஒரே வீட்டில் குடியேறுகின்றனர். எந்தக் குணங்கள் மனைவியரை வருத்தினவோ, அவையே இப்போது நண்பர்களை ஒருவருக்கொருவர் பகையாக்குகின்றன. சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது. சிந்தனையும் அங்கேதான் பிறக்கிறது.

இந்நாடகம் 1968-இல் திரைப்படமாயிற்று. பின்னர் 1970 முதல் 1975 வரை தொலைக்காட்சித் தொடராக வந்து பெரும்புகழ் பெற்றது. டோனி ராண்டல் ஃபீலிக்ஸாகவும், ஜாக் கிளக்மன் ஆஸ்காராகவும் நடித்தனர். தொடரின் இறுதியில் ஃபீலிக்ஸ் தம் பழைய மனைவி குளோரியாவையே மீண்டும் மணந்துகொள்கிறார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த இப்படம் அவ்விருவரின் முதுமையைக் காட்டுகிறது. ஃபீலிக்ஸின் மகளுக்குத் திருமணம். எல்லா ஏற்பாட்டிலும் தலையிட்டு, எல்லாரையும் திருத்த முற்படும் தந்தையின் தொல்லை தாளாமல், குளோரியா அவரைச் சிறிது காலம் வீட்டை விட்டே அனுப்பிவிடுகிறார். அவர் வேறெங்கே செல்வார்? ஆஸ்கரின் வீட்டுக்குத்தான்! ஆஸ்கரோ தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு, குரல் குன்றிச் சோர்ந்து கிடக்கிறார். நண்பரைத் தேற்றிப் பயிற்சிக்குத் தூண்டும் பணியை ஃபீலிக்ஸ் மேற்கொள்கிறார். விடாப்பிடியான அவருடைய நச்சரிப்பு, மணவீட்டில் பெருந்தொல்லை. நோயாளியின் அருகிலோ அருமருந்து!

ஆஸ்கரின் கரகரத்த குரல் நடிப்பன்று. 1989-இல் கிளக்மனுக்கு மெய்யாகவே தொண்டைப் புற்றுநோய்க்கான அறுவை நடைபெற்று, குரல்நாண் ஒன்று அகற்றப்பட்டது. குரலையே மூலதனமாகக் கொண்ட நடிகர் ஒருவர்க்கு அதனினும் பெரிய இழப்பு யாது? தம் தொழில் முடிந்தது என்றே அவர் எண்ணினார். அவ்வேளையில் அவரை ஊக்கி, 1991-இல் மீண்டும் மேடையேற்றியவர் ராண்டல். அதே பழைய நாடகத்தில், அதே பழைய வேடத்தில் இருவரும் தோன்றினர். ராண்டல் 2004-இல் மறைந்தபின், அந்த நட்பைப் போற்றிக் கிளக்மன் ஒரு நூலே எழுதினார். அவரும் 2012-இல் மறைந்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. பழைய தொடரில் ஆஸ்கரைப் பிரிந்த மனைவியாக நடித்த பிரெட் சோமர்ஸ் அம்மையார், மெய்வாழ்வில் கிளக்மனின் மனைவியே. 1974-இல் அவ்விருவரும் பிரிந்து வாழலாயினர். திரையில் நாம் சிரித்த துன்பம், திரைக்குப் பின்னே அழுகையாக இருந்திருக்கக்கூடும் அன்றோ!

படத்தில் குறையும் உண்டு. கதை மெல்லியது, முடிவு எளிதில் ஊகிக்கத்தக்கது. மணமுறிவை நகைப்புக்குரியதாகக் காட்டும் பழைய வழக்கமும் தொடர்கிறது. பிரிந்த பெற்றோரிடையே பிள்ளைகள் படும் பாடு போதிய அளவு பேசப்படவில்லை. எனவே வளர்ந்த பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர், பின்னர் அதுபற்றி உரையாடுவது நலம்.

எனினும் இப்படம் நம்மிடம் ஒரு வினாவை விட்டுச்செல்கிறது. ஃபீலிக்ஸின் நச்சரிப்பை ஆஸ்கர் பொறுக்கிறார். ஆஸ்கரின் அலங்கோலத்தை ஃபீலிக்ஸ் பொறுக்கிறார். சண்டையிட்ட மறுநாளே மீண்டும் ஒன்றாக உண்கின்றனர். நண்பனிடம் காட்டும் இப்பொறுமையில் பாதியைத் தம் மனைவியரிடம் காட்டியிருப்பின், அவ்விரு இல்லங்களும் முறிந்திருக்குமா?

அலுவலகத்தில் உடன் பணிபுரிவோரின் குற்றங்களைச் சிரித்து மறக்கும் நாம், இல்லம் திரும்பியதும் உப்புக் குறைந்த குழம்புக்காக முகம் கடுக்கிறோம். வாயிற்படியில் காலணியைக் கழற்றும்போது பொறுமையையும் கழற்றி வைத்துவிடுகிறோமோ? இன்றிரவு உணவு மேசையில், கணவரும் மனைவியரும் ஒருவரையொருவர் நோக்கி இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.