தன்மதிப்பும் தமிழ்மதிப்பும்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசையினூடே வளரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புவரை இயற்பியலையும் கணக்கையும் தமிழிலேயே கற்கிறான். வகையீடும் தொகையீடும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இளநிலையிலும் தமிழ்வழியே பயில அரசு கல்லூரிகள் சிலவற்றில் இடமுண்டு. ஆனால் முதுநிலையில் அவன் காலடி வைக்கும் அன்றே தாய்மொழி வாயிலில் நிறுத்தப்பெறுகிறது. இயற்பியற் கணக்கு முறைகள் என்னும் அடிப்படைப் பாடமே முழுதும் ஆங்கிலம்! அணிகள், கலப்பெண் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், பூரியே தொடர்கள் என அடுத்தடுத்து வரும் பகுதிகளில் அவன் தடுமாறுவது கணக்கினாலன்று. கணக்கைச் சொல்லும் மொழியினாலேயே. தடுமாறியவனை அறிவிலி என ஒதுக்கிவிட்டு வகுப்பு மேற்செல்கிறது. இக்கொடுமைக்கு யார் பொறுப்பு?

“வாய்பாடு எல்லா மொழிக்கும் பொதுவாயிற்றே, பிறகு தமிழ் எதற்கு?” என்பார் உளர். வாய்பாடு பொதுதான். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் சென்றோம் என்னும் கரணியமோ மொழியாலன்றி விளங்காது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் அணி, தான் தாக்கும் திசையன்களுள் பெரும்பாலானவற்றைத் திருப்பிவிடும். சில மட்டும் தம் கோட்டினின்று விலகாமல் நீளவோ குறுகவோ செய்யும். அம்மாற்றத்தின் அளவை ஆங்கில நூல்கள் ‘ஐகன்’ மதிப்பு என்கின்றன. ‘ஐகன்’ ஆங்கிலச் சொல்லா? அன்று, ‘தனக்குரிய’ எனப் பொருள்படும் செருமானியச் சொல். ஆங்கிலம் அதைக் கடன்வாங்கித் தன் சொல்லோடு ஒட்டுப்போட்டுக் கொண்டது. தமிழில் ‘தன்மதிப்பு’ என்றதும் பொருள் சொல்லிலேயே துலங்குகிறது!

இழுத்துக் கட்டிய பாவு நூலைச் சுண்டினால் அது எவ்வெவ் வகையில் அதிரும் என்பதும் தன்மதிப்புக் கணக்கே. ஈரறுதியும் கட்டுண்ட நூலில் அரையலைகள் ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையிலேயே நிற்கும். அவ்வடிவங்களைத் தக்க அளவிற் கூட்டி நூலின் எவ்வதிர்வையும் அமைக்கலாம் என்பதே பூரியே தொடரின் உட்பொருள். தறியருகே வளர்ந்தவனுக்கு இதைத் தமிழில் சொன்னால் விளங்காதா?

பூரியே தம் வெப்பக் கோட்பாட்டை 1822-இல் பிரெஞ்சில் எழுதினார். கூரந்து, இல்பெர்ட்டு என்பார் பெயரால் 1924-இல் முதன்மடலம் வெளிவந்த இத்துறைப் பெருநூல் செருமானியத்தில் எழுந்தது. ஆங்கிலத்திற்கு அது பின்னர்ப் பெயர்க்கப்பட்டதே. சப்பானிய இயற்பியலறிஞர் மசுக்காவா, 2008-இல் நோபெல் பரிசு பெற்றபோது தம் தாய்மொழியிலேயே உரையாற்றினார்.

இங்கோ, நடுவணரசின் ஆராய்ச்சித் தகுதித் தேர்வில் இயற்பியற் பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே இக்கணக்கு முறைகள் நிற்கின்றன. வினாத்தாள் ஆங்கிலத்தில் வருகிறது, இந்தியிலும் வருகிறது, தமிழில் இல்லை! இந்திக்கு இயலும் இயற்பியல் தமிழுக்கு இயலாதோ? முந்நூற்றிருபதில் ஒரு பங்கை முந்திரி என்றும், அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாய்ப் பகுத்துக் கீழ்முந்திரி என்றும் பெயரிட்ட மொழி இது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிரீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தாரே!

எனினும் பழி முழுதும் பிறர்மேலதன்று. தமிழ்ப்புலவர் சொல்லாக்கித் தந்ததோடு அமைந்தனர். கணக்கறிந்தவரோ அச்சொற்களை ஆண்டு ஒரு கணக்கும் செய்துகாட்ட முன்வந்திலர். இங்கே திசையன், அணி. ஈழத்திலோ காவி, தாயம். இரு கரையும் கூடிப் பேசி ஒரு சொற்றொகுதி கண்டிருக்க வேண்டாவா?

செய்யத்தக்கவை மூன்று. கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, செய்துகாட்டிய கணக்குகள் நிறைந்த முதுநிலை நூலொன்றை ஆக்கவேண்டும். முதுநிலைத் தேர்வைத் தமிழில் எழுதப் பல்கலைக்கழகங்கள் இசைவு தரவேண்டும். நடுவண் தேர்வில் தமிழ் வினாத்தாள் கேட்டுத் தமிழக அரசு உறுதியாய் நிற்கவேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தறிய ஆங்கிலம் வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆயின் படிக்கும் மொழி வேறு. எண்ணும் மொழி வேறு.

1902-இல் பாவாணரை ஈன்ற ஊர் சங்கரன்கோவில். சொல்லின் வேர் தேடி வாழ்நாளை ஈந்தார் அவர். அவ்வூர்ப் பிள்ளை, சொல்லின்றியன்று, சொல்லியிருந்தும் சொல்லிக்கொடுப்பாரின்றித் தோற்கலாமா?