கை வேணும், பேர் வேண்டாம்

1954ஆம் ஆண்டு லாஸ்கர் மருத்துவ விருதைப் பெற்றவர்களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கும் ஹெலன் டாசிக்கும் உண்டு. பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாய்ந்து செத்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்ததற்காக. விவியன் தாமஸ் என்ற கறுப்பரின் பெயர் அதில் இல்லை.

யார் இந்தத் தாமஸ்? தச்சர் மகன். 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் வங்கி திவாலாகி, படிக்கச் சேர்த்த காசெல்லாம் போச்சு. செய்தது ஆராய்ச்சி, சம்பளக் கணக்கில் துப்புரவுப் பணியாளர். நமக்கு இதில் ஏதாவது புதுசா இருக்கா, தோழர்களே?

1941இல் பிளாலாக்கோடு பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார். நுரையீரலுக்கு ரத்தம் போதவில்லை, வழி உண்டா என்று கேட்டவர் டாசிக். கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் முறையை நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து தேறியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எப்படிப் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1945இல் வந்த கட்டுரையில் இரண்டே பெயர்கள்: பிளாலாக், டாசிக்.

தகுதி, திறமை என்று வாய் கிழியப் பேசுகிறவர்களைக் கேட்கிறேன். தகுதி யாருக்கு? பட்டமில்லாமல் சொல்லிக்கொடுத்தவருக்கா, கேட்டுக் கேட்டுத் தைத்த பேராசிரியருக்கா?

பிளாலாக் நல்லவர், தாமஸை உள்ளே அழைத்தவரே அவர்தானே என்பார்கள். அழைத்தார், மறுக்கவில்லை. அந்தப் பேராசிரியரின் வீட்டு விருந்துகளில் கூடுதல் காசுக்காக மது ஊற்றியவரும் இதே தாமஸ்தான். நல்ல மனசு ஆளை உள்ளே விடும்; பேரை எழுதாது. பேரை எழுத வைப்பது உரிமை.

தாமஸ் பயிற்றுவித்த வெள்ளை மருத்துவர்கள் பெரும் பெயர் எடுத்தார்கள். அவருக்கு 1976இல்தான் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்! 1985இல் இறந்தார். பிளாலாக்–டாசிக் இணைப்பு என்றே பாடநூல்கள் சொல்லிவந்த அந்த முறைக்கு நடுவில், இப்போதுதான் தாமஸ் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

சேர்க்கட்டும். ஆனால் சாதனையாளர் வரலாறு எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். விருதுப் பட்டியலோடு நிற்காதீர்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.