பவுல் எதற்காகக் கைது செய்யப்பட்டார்?



2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக உள்ளே விடப்படாதிருந்த பட்டியல் இன மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் அவ்வாறே நடந்தது. அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு குடிமகன் சாமி கும்பிட மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் துணை நிற்க வேண்டியிருந்தது.

இந்தப் பேச்சு வரும்போது உங்களில் சிலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "ஐயரே, அது அவர்கள் கோயில் விவகாரம். நமக்கேன்? நாம் இரட்சிப்பைப் பேசுவோம்." கேட்பதற்குப் பக்தியாக இருக்கிறது. ஆனால் இது வேதத்தை அறியாத பதில் என்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் எருசலேமில் எதற்காகப் பிடிபட்டார்? எபேசு பட்டணத்தானாகிய துரோப்பீமுவைத் தேவாலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார் என்று ஜனங்கள் எண்ணினார்கள், நகரமே கலவரமாயிற்று. ஆம், அது ஆலய நுழைவு வழக்கு. அந்த ஆலயத்தில், புறஜாதியார் இதற்கு மேல் வந்தால் தங்கள் மரணத்துக்குத் தாங்களே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல் ஒன்று இருந்தது. 1871இல் அதைக் கண்டெடுத்தார்கள். இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என்று எபேசு சபைக்குப் போன நிருபத்தை வாசிக்கும்போது, அந்தக் கல்லையும் துரோப்பீமுவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறு அதிகாரத்தில் அதே பவுல், தம்மைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையை எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்டார். உரிமை என்ற சொல் ஆவிக்குரியதல்ல, அரசியல்வாதிகளின் சொல் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தில் சற்று நின்று போகவேண்டும்.

நாமும் உரிமையைப் பற்றிப் பேசாதவர்களல்ல. பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற சகோதரிக்கு 2010இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது உலகமெங்கும் சபைகள் முழங்காலில் நின்றன. 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழக்கு எதில் தொடங்கியது? வயலில் வேலை செய்த பெண்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், கிறிஸ்தவள் தொட்ட பாத்திரத்தில் குடிக்கமாட்டோம் என்றார்கள், வாக்குவாதம் மூண்டது. நம் ஊர் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையைக் கண்டவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே கிறிஸ்தவர் தீட்டானபோது அது உபத்திரவம். இங்கே கிறிஸ்தவரே கிறிஸ்தவரைத் தீட்டாக்கினால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வழக்கம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சுவர் நாடறிந்தது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்களின் பிரேத ஊர்வலம் ஆலயத்துக்குப் போகும் பொதுத் தெருவில் வரக்கூடாதென்றார்கள். அவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். "அது கத்தோலிக்கர் காரியம்" என்று உடனே சொல்லாதீர்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டுமென்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதியைவிட சபையை விடுவதே எளிதென்று பலர் வெளியேறினார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையார்தாம். வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். அவருடைய பாடல்களை நான் மனமுருகிப் பாடுகிறவன். ஆயினும் அந்தக் காரியத்தில் அவர் நின்ற பக்கம் சுவிசேஷத்தின் பக்கமல்ல.

இனி, நம்மை நேராகச் சுடும் இடத்துக்கு வருகிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவல்லாத எவரையும் பட்டியல் இனத்தவராக எண்ணலாகாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. மதத்தைக் காரணம் காட்டிக் குடிமகனின் உரிமையை மறுக்கும் இந்த அநீதி நீங்க வேண்டும். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் அப்படியே தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் அந்தக் கோரிக்கைக்கு நாம் காட்டும் ஆதாரம் என்ன? ஞானஸ்நானம் பெற்றபின்னும் சாதி அவனை விடவில்லை, சபைக்குள்ளும் அவன் ஒதுக்கப்படுகிறான் என்று டெல்லிக்கு எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்திலோ, நம் சபையில் சாதி இல்லை என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். மனுவில் எழுதியது உண்மையானால், சபைக்குள் அவனை ஒதுக்குகிறவன் யார்? அவன் எந்த வரிசையில் உட்காருகிறான், தன் மகனுக்கு எங்கே பெண் பார்க்கிறான், சபைத் தேர்தலில் யாருக்கு ஓட்டுக் கேட்கிறான்? அவன் பெயர் நம் அங்கத்தினர் பதிவேட்டில் இருக்கத்தானே வேண்டும்!

"சொந்த சாதியில் பெண் எடுப்பது என் சுதந்திரம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உங்கள் மகளைக் கேட்டீர்களா என்றேன். பதில் இல்லை. 1948 டிசம்பர் 10 அன்று வெளியான மனித உரிமைப் பிரகடனம், மணமக்கள் இருவரின் முழுச் சம்மதத்தையும் கேட்கிறது. தகப்பனின் சாதியை அது கேட்கவில்லை.

அடுத்த மாதம் சபைக் குழு கூடும்போது ஒரு தீர்மானம் முன்வைப்பேன்: கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குவது மரித்த தேதியின் வரிசைப்படி மட்டுமே, குடும்பப் பகுதி, தெருப் பகுதி என்று எதுவும் இனி இல்லை. எதிர்க்கிறவர்கள் எதிர்க்கலாம். காரணத்தை மட்டும் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்திடுங்கள். டெல்லிக்குப் போகும் மனுவோடு அதையும் ஆதாரமாக இணைத்து அனுப்புவோம்.